திருடன் வேடம்: பேரனிடம் கற்ற பாடம்

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் அமெரிக்காவில் பிறந்த கதை விளையாட்டு. நான்கைந்து பேர் ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டி ஆடுவது. விடுமுறைக்கு வந்த பேரன், நண்பர்களோடு என்னையும் சேர்த்துக்கொண்டான். எனக்கு 'ரோக்' என்னும் திருடன் வேடம்.

திருடன்தானே என்று தோழன் பையிலேயே கைவைத்தேன். தனியே முன்னால் போய் எதிரிகளிடம் மாட்டினேன். உதவிக்கு ஒருவரும் வரவில்லை. பேரன் முகம் வாடிவிட்டது.

அன்றிரவு விதிநூலைப் படித்தேன். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் திருடனின் பலம் 'ஸ்னீக் அட்டாக்'. ஒளிந்திருந்து தாக்கினாலோ, எதிரிக்கு 5 அடிக்குள் நம் தோழன் நின்றாலோ, சேதத்துக்குக் கூடுதலாக ஓர் ஆறுமுகப் பகடை உருட்டலாம். 5-ஆம் நிலையில் மூன்று. 2-ஆம் நிலை முதல், குத்திய கையோடு விலகவோ ஒளியவோ முடியும்.

ஆகவே, புதிதாக ஆடுவோர் கவனிக்க வேண்டியவை:

1. தோழன் மோதும் எதிரியையே குத்துங்கள்.
2. குத்தியதும் விலகுங்கள், அடி தாங்கும் உடம்பல்ல.
3. தோழர் பையைத் தொடாதீர்கள்.

கஸாரா மலைப்பாதையில் பின்னிருந்து தள்ளும் பாங்கர் எஞ்சினை அறிவீர்கள். முன் எஞ்சினோடு சேர்ந்தால்தான் வண்டி மேலேறும். திருடனும் அப்படியே.

மறுநாள் தோழர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். பேரன் பகடையை என் கையில் வைத்தான்.