கொம்மெரெல் பை: எந்த அறுவை யாருக்கு?

தோளுக்கும் கைக்கும் ரத்தம் கொண்டுபோகும் சப்கிளேவியன் தமனி சிலருக்குப் பிறவியிலேயே தடம் மாறி, பெருந்தமனி வளைவின் கடைசிக் கிளையாகக் கிளம்பி, உணவுக்குழாயின் பின்புறமாகச் சுற்றி எதிர்த்தோளுக்குச் செல்கிறது. அது கிளம்பும் அடிப்பகுதி புடைத்திருந்தால் அதற்குக் கொம்மெரெல் பை என்று பெயர். ஜெர்மானியக் கதிரியக்க மருத்துவர் புர்க்ஹார்ட் கொம்மெரெல் 1936இல் இதை விவரித்தார்.

பலருக்கு இதனால் தொல்லையே இருப்பதில்லை. சோற்றுக் கவளம் நெஞ்சுக்குள் நின்று, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்து இறக்க வேண்டிய நிலை வந்தால் அறுவையைப் பற்றிப் பேச வேண்டும். தொல்லை இல்லாவிட்டாலும் வெடிக்கும் ஆபத்து உண்டு என்பதால் அளவு முக்கியம். பையின் வாய் 3 செ.மீ.யைத் தாண்டினால், அல்லது பையும் அதை ஒட்டிய பெருந்தமனியும் சேர்ந்து 5 செ.மீ.யைத் தாண்டினால் சரிசெய்வது பொருத்தம் என்கிறது 2022ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டு நெறி.

முதல் வழி, விலா இடுக்கில் மார்பைத் திறந்து பையை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் செயற்கைக் குழாயைத் தைப்பது. இதற்குப் பெரும்பாலும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணை வேண்டும். ரத்தப்போக்கு, பக்கவாதம், தண்டுவடப் பாதிப்பு ஆகிய அபாயங்களும் உண்டு. ஆனால் உணவுக்குழாயை அழுத்தும் புடைப்பு அடியோடு போய்விடும். வளைவு வலப்பக்கமாக அமைந்தவர்களுக்கு ஒரு தசைநார் வளையம்போல் உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் இறுக்குவதுண்டு. அதை அறுத்துவிடவும் இதில்தான் முடியும்.

இரண்டாவது, கலப்பு முறை. கழுத்தில் சிறு கீறலிட்டு, தடம் மாறிய சப்கிளேவியன் தமனியைக் கரோட்டிட் தமனியுடன் இணைத்துவிட்டு, தொடைவழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் என்னும் வலைச்சட்டமிட்ட செயற்கைக் குழாயைச் செலுத்திப் பையின் வாயை உள்ளிருந்து அடைக்கிறார்கள். மார்பைத் திறக்க வேண்டியதில்லை, தேறுவதும் விரைவு. ஆனால் கிராஃப்ட் பற்றி நிற்க இருபுறமும் நல்ல தமனிச் சுவர் வேண்டும். அடைபட்ட பையும் அந்த நாரும் உள்ளேயே இருந்துவிடுவதால் விழுங்கும் சிரமம் தீருமென்று உறுதி சொல்ல முடியாது. கசிவு உண்டா என்று ஆயுள் முழுக்க சி.டி. எடுத்துப் பார்க்க வேண்டும்.

வளைவும் சேர்ந்து வீங்கியிருந்தால் நடுமார்பைத் திறந்து முழு வளைவையும் மாற்றும் ‘உறைந்த யானைத்துதிக்கை’ முறை உண்டு. மூன்றிலும் பெரிய அறுவை அதுதான்.

விழுங்க முடியாமல் அவதிப்படுபவர், வயதில் இளையவர், மார்ஃபான் போன்ற இணைப்புத்திசு நோய் உள்ளவர் ஆகியோருக்குத் திறந்த அறுவையே மேல். பை பெருத்திருந்தும் விழுங்கச் சிரமம் இல்லாத, நுரையீரல் தளர்ந்த முதியவருக்குக் கலப்பு முறை ஏற்றது.

எந்த வழியானாலும், சப்கிளேவியன் தமனியை மறுபடி எங்கே இணைப்பார்கள் என்று ஒப்புதலில் கையெழுத்திடும் முன் கேட்டுவிட வேண்டும். மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் முதுகெலும்புத் தமனி பெரும்பாலும் அதிலிருந்துதான் பிரிகிறது.