ஒரு மண்டலத்தில் ஒரு போர்வை

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் கூடங்களில் எப்போதும் ஏதேனும் ஒன்று காத்துக்கொண்டே இருக்கும். நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் கிடைக்கும் வெண்களிமண்ணைக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்சும்வரை காத்திருப்பர். எடுத்த பொம்மையை நிழலில் உலர்த்துவர். பின்னர்ச் சூளையில் இடுவர். சூளை ஆறுமுன் திறந்தால் பொருள் வெடித்துவிடும். ஆகவே காய்வதும் ஆறுவதும் அங்கு வேலையின் பகுதிகளாகவே கருதப்படுகின்றன. கை ஓய்ந்திருக்கும் நேரத்தை வீண்பொழுதென்று அவ்வூரில் எவரும் சொல்வதில்லை.

அவ்வூரில் ஓர் இல்லத்தை நாம் எண்ணிக்கொள்வோம். பல்லாண்டுகள் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டிய ஓர் அம்மையார், ஓய்வு நேரத்தில் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர். இப்போது மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறார். மருந்தின் விளைவால் அவருடைய விரல் நுனிகள் மரத்திருக்கின்றன. பீரோவில் பாதியில் நின்ற போர்வைகள் மூன்று உள்ளன. சிகிச்சைக்குச் சென்று திரும்பும் ஒவ்வொரு முறையும் மகள் புதுத் துணி வாங்கி வருகிறார். மகளுக்கு அது ஆறுதல் அளிக்கும் செயல். தாய்க்கோ அது ஏறிக்கொண்டே போகும் கடனாகத் தோன்றுகிறது.

இத்தகைய இல்லங்கள் பல உண்டு. ஆகவே இவ்விதழின் பாடமாக, நோயுற்ற காலத்தில் துணி வாங்குவதையும் தைப்பதையும் எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பதை எடுத்துக்கொள்கிறோம்.

கைவேலையும் மருத்துவமும்

பழம்புடவையை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிப்பாக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. வங்காளத்தில் அத்தகைய தையலைக் காந்தா என்பர்; மராட்டியத்தில் அவ்வகைப் போர்வையைக் கோதடி என்பர். துண்டுகளை இணைத்து, நடுவே மென்துணி வைத்து, அடித்துணியோடு சேர்த்துத் தைப்பதை இன்றைய இளையோர் க்வில்ட் என்கின்றனர். பெயர்கள் வேறாயினும் வேலை ஒன்றே: சிறு துண்டுகளைச் சேர்த்துப் பெரிய பொருளாக்குதல்.

மருத்துவத்திற்கும் இவ்வேலைக்கும் உள்ள தொடர்பு பழையது. கைத்தொழில் வழியே நோயாளரை மீட்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கென அமெரிக்காவில் 1917-இல் ஒரு சங்கம் நிறுவப்பெற்றது. முதலாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்கு நெசவு, கூடை முடைதல் முதலிய வேலைகள் மருத்துவமனைகளிலேயே பயிற்றப்பட்டன. நம் நாட்டில் 1950-இல் கமலா நிம்ப்கர் பம்பாயில் இதற்கான முதற் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

அடைபட்டுக் கிடந்த நாள்களிலும் இவ்வேலை மனிதர்க்குத் துணைநின்றுள்ளது. 1841 ஏப்ரலில் ராஜா என்னும் கப்பல் பெண் கைதிகளை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து தாஸ்மானியாவுக்குப் புறப்பட்டது. எலிசபெத் ஃப்ரையின் தொண்டுக் குழுவினர் அவர்களுக்கு ஊசியும் நூலும் துண்டுத்துணிகளும் அளித்திருந்தனர். ஜூலையில் கப்பல் கரைசேர்ந்தபோது 2,815 துண்டுகளால் ஆன போர்வை ஒன்று முடிந்திருந்தது. அது இன்றும் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. அத்தனை துண்டுகளையும் ஒருங்கே எண்ணியிருந்தால் எவருக்கும் மலைப்பே மிஞ்சியிருக்கும். அன்றன்றைக்குக் கையிலிருந்த துண்டை மட்டுமே அவர்கள் தைத்தனர்.

எங்கு நிறுத்தினாலும் முழுமை

நோயாளர் தம் வேலையைத் திட்டமிடும்போது ஒன்றை முதலில் மனத்திற்கொள்ளல் வேண்டும். எவ்விடத்தில் நிறுத்த நேர்ந்தாலும், அதுவரை செய்தது ஒரு முழுப்பொருளாக நிற்கும்படி வேலையை வகுத்துக்கொள்வதே அது.

ஆறரை அங்குலச் சதுரமாகத் துணியை வெட்டுவோம். நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்குப் போக, ஆறு அங்குலச் சதுரம் கிடைக்கும். மூன்று வரிசையில் மும்மூன்றாக ஒன்பது சதுரங்களை இணைத்தால் பதினெட்டு அங்குலச் சிறு தலையணைக்கு மேலுறை ஆகும். அங்கேயே நிறுத்தலாம். மேலும் இயன்றால் அதனைச் சுற்றிச் சதுரங்களைச் சேர்த்து 24 ஆக்கினால், இரண்டடிக்கு மூன்றடியில் குழந்தை அமர்ந்து விளையாடும் விரிப்பு கிடைக்கும். அதனையும் வளர்த்து 48 ஆக்கினால், மூன்றடிக்கு நான்கடியில் மடிமேல் போர்த்திக்கொள்ளும் போர்வை ஆகும்.

நாளொன்றுக்கு ஒரு சதுரம் எனக் கொண்டால் 48 நாள்கள். அதாவது ஒரு மண்டலம். விரதத்திற்கும் மருந்திற்கும் நாம் நெடுங்காலமாகப் போற்றிவரும் கணக்கு இது. ஆயினும் விரதத்தைப் போல இடையில் விட்டால் பலனில்லை என்னும் விதி இங்கு இல்லை. சிகிச்சை பெற்ற நாளும், காய்ச்சல் கண்ட நாளும், மனம் ஒப்பாத நாளும் காயப்போட்ட நாள்களாக இருக்கட்டும். சிலருக்கு ஒன்பதோடு வேலை நிற்கலாம். அவ்வொன்பதும் ஒரு தலையணை உறையாக அவ்வீட்டில் இருக்கும்.

துணி வாங்குதல்

நாற்பத்துநான்கு அங்குல அகலமுள்ள துணியில் அரை மீட்டருக்கு 18 சதுரங்கள் கிடைக்கும். ஆகவே மூன்று நிறங்களில் அரை அரை மீட்டர் வாங்கினால் 54 சதுரங்கள். நாற்பத்தெட்டுக்குப் போக ஆறு மிஞ்சும். அடித்துணிக்கு ஒன்றரை மீட்டரும், ஓரம் கட்டுவதற்கு அரை மீட்டரும் போதும். ஆக மொத்தம் மூன்றரை மீட்டர். நடுவில் வைப்பதற்கு வீட்டிலுள்ள பழைய பருத்திப் புடவை ஒன்றை நான்கு மடிப்பாக மடித்துக்கொள்ளலாம். பஞ்சடைத்ததைவிட அது கனம் குறைவு, துவைப்பதும் எளிது.

பருத்தியே நன்று. பாப்ளினும் கேம்பிரிக்கும் ஊசிக்கு இணங்கும்; வெட்டும்போது வழுக்கா. செயற்கைப் பட்டும் ஜார்ஜெட்டும் மரத்த விரல்களுக்குப் பிடிபடா. தையற்கடையில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளைக் கேட்டு வாங்கினால் செலவு குறையும். ரவிக்கைத் துணியில் எஞ்சியதும், பிள்ளைகளுக்குச் சிறியதாகிவிட்ட பருத்திச் சட்டையும் பயன்படும். ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கு ரயிலேறினால் மலிவாகக் கிடைக்கும் என்னும் எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் மூன்றரை மீட்டருக்கு அவ்வளவு தொலைவு வேண்டியதில்லை; மலிவென்று வாங்கிய மிகைத் துணி பீரோவில்தான் சேரும்.

வாங்கிய துணியைத் தைக்குமுன் துவைத்து உலர்த்துக. கஞ்சியும் தூசியும் நீங்கும். பருத்தி சுருங்குவதானால் முன்பே சுருங்கிவிடும். நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்தால் சாயம் போகுமா என்பது தெரியும். பழந்துணியாயின் துவைத்து வெயிலில் நன்கு காயவைத்த பின்னரே நோயாளரின் கையில் கொடுக்க வேண்டும்.

இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் நெரிசலான கடைக்குச் செல்லுதல் கூடாது. உடனிருப்பவர் சென்று சிறு மாதிரித் துண்டுகளைக் கொண்டுவந்து காட்டலாம்; நிறத்தைத் தெரிவு செய்யும் உரிமை நோயாளருடையதாகவே இருக்கட்டும். டயாலிசிஸ் பெறுவோர் ஃபிஸ்துலா உள்ள கையில் துணிப்பையைத் தொங்கவிடலாகாது. அக்குள் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டவர் அப்பக்கக் கையால் பெருஞ்சுமை தூக்குவதைத் தவிர்க்க வேண்டும்.

கையைக் காத்தல்

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயுற்றோரின் விரல்கள் நோயினாலேயே அழிகின்றன என்று அந்நாளில் பலரும் நம்பினர். அவரும் அவருடைய குழுவினரும் கூர்ந்து கவனித்தபோது வேறோர் உண்மை புலப்பட்டது. வலி உணராத கை, சூட்டாலும் வெட்டாலும் கருவியின் அழுத்தத்தாலும் காயம்பட்டு, கவனிப்பாரின்றியே சிதைகிறது. எனவே கைகளை நாள்தோறும் கண்ணால் பார்த்துச் சோதிக்கவும், கருவிகளின் பிடியை மாற்றிக்கொள்ளவும் நோயாளர்களுக்குக் கற்பித்தனர்.

அப்பாடம் இன்று நீரிழிவினாலோ புற்றுநோய் மருந்தினாலோ விரல் மரத்தவர்க்கும் பொருந்தும். விரல் உணராததைக் கண் காணட்டும். தைக்கத் தொடங்குமுன்னும் முடித்த பின்னும் விரல்களை நல்ல வெளிச்சத்தில் பார்த்துக்கொள்க. ஊசியைத் தள்ளும் விரலில் உலோக விரற்கவசம் அணிக. இரத்தத் தட்டணுக்கள் குறைந்தவர், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர், நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டவர் ஆகியோர் ஊசி பிடிக்குமுன் தம் மருத்துவரிடம் கேட்டறிக. அவர் வேண்டாமென்றால் நிறங்களை அடுக்குதல், சதுரங்களை மடித்து வைத்தல் ஆகியவற்றை மேற்கொள்ளலாம். உருளும் கத்தி மிகக் கூரியது. வெட்டும் பணியை உடனிருப்பவரே செய்க.

ஊசிகளை எண்ணி எடுத்து, எண்ணி வைக்கவும். தரையில் விழுந்த ஊசி, கால் மரத்த நீரிழிவு நோயாளருக்குப் பெருங்கேடு விளைக்கும். ஏறிய ஊசியை அவர் உணரமாட்டார்; புண் சீழ்பிடித்த பின்னரே தெரியவரும். ஒரு காந்தத் துண்டை அருகில் வைத்துக்கொண்டால் தேடுவது எளிது. அரைமணி நேரத்திற்கு ஒருமுறை எழுந்து சில அடிகள் நடக்க வேண்டும்.

முடிந்த போர்வையை உடலின்மேல் போர்த்திக்கொள்ளலாம். படுக்கைப்புண் வரும் நிலையில் உள்ளவருக்கு அதனைக் கீழே விரிக்கலாகாது. தையல் மடிப்புகள் தோலை அழுத்தும். காற்றுமெத்தையின் பயனும் குறையும்.

பாதியில் நிற்கும் வேலைகள்

பீரோவிலுள்ள வேலைகளை ஒருநாள் எடுத்து மூன்றாகப் பிரிக்கலாம். இன்றைய கையால் முடிக்கக்கூடியவை முதல் வகை. ஓரம் மட்டும் கட்டினால் போதும் என்பன போன்றவை இவை. இவற்றையே முதலில் எடுக்க வேண்டும். சிறிதாக்கினால் முடிபவை இரண்டாம் வகை. கட்டிலளவு எண்ணித் தொடங்கியது மடியளவோடு நிற்கலாம், அது குறையாகாது. இனி வேண்டாதவை மூன்றாம் வகை. அவற்றைத் தைக்க விரும்பும் மற்றொருவர்க்கு அளிக்கலாம். பாதியில் நின்ற வேலையைத் தீய சகுனமென்று எவரேனும் சொன்னால் அதனைப் பொருட்படுத்த வேண்டாம்.

உடனிருப்போருக்கு

நம்மிடையே நிகழும் அன்பான பிழைகள் இரண்டு. ஒன்று, வேலையைப் பிடுங்கிக்கொள்வது. "நீ படுத்துக்கோம்மா, நான் தைச்சுத் தர்றேன்" என்று மகள் சொல்லும்போது தாயின் கையில் மிஞ்சியிருந்த ஒரே உரிமையும் போய்விடக்கூடும். மற்றொன்று, மேலும் மேலும் வாங்கிக் குவிப்பது. ஒவ்வொரு புதுத் துணியும் நோயாளரை நோக்கி, 'இதனையும் முடிப்பாயா?' என்று கேட்பதுபோல் அவருக்குத் தோன்றலாம். சிகிச்சைச் செலவை எண்ணி அவர் உள்ளூர வருந்தவும் கூடும்.

உதவி வேறு வகையில் அமையலாம். காலையில் பத்து ஊசிகளில் நூல் கோத்து ஊசித்தலையணையில் குத்தி வைக்கலாம். அன்றைய சதுரத்தை வெட்டித் தட்டில் வைக்கலாம். விளக்கைத் தைக்கும் கையின் எதிர்ப்பக்கத்தில் வைத்தால் நிழல் விழாது. தையல் கோணலானாலும் பிரித்துத் திருத்த வேண்டாம்.

நாம் எண்ணிப் பார்த்த விருத்தாசல இல்லத்தில் மகள் அடுத்த முறை துணிக்கடைக்குச் செல்லாமல் வீடு திரும்புவாராயின், தாயின் அருகில் அமர்ந்து, "எதை முதல்ல முடிக்கலாம்மா?" என்று கேட்கட்டும். தாய் பழைய மூன்றில் ஒன்றைச் சுட்டிக்காட்டுவார். அதில் ஒன்பது சதுரங்கள் ஏற்கெனவே இணைந்திருக்கக்கூடும்.

இவ்வாரப் பயிற்சி

1. பாதியில் நிற்கும் கைவேலைகளை எடுத்து மூவகையாகப் பிரித்து, முதல் வகையில் ஒன்றை மட்டும் வெளியே வைக்கவும்.

2. இருவரும் சேர்ந்து இரு கைகளையும் வெளிச்சத்தில் பார்க்கவும். மரத்த இடம், காயம், வீக்கம் இருப்பின் குறித்துக்கொள்ளவும்.

3. அக்குறிப்பை அடுத்த வருகையின்போது மருத்துவரிடமோ தொழில்சார் சிகிச்சையாளரிடமோ காட்டி, எவ்வேலையை எவ்வளவு நேரம் செய்யலாம் எனக் கேட்டறியவும்.

4. அதுவரை புதுத் துணி வாங்க வேண்டாம்.