'ஸாரி' என்றது ஒன்று... 'வா' என்றன மூன்று!

விடிகாலை நாலரை மணி. உங்கள் பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு வருடமாக அவள் கனவு கண்ட அமெரிக்க யுனிவர்சிட்டியின் முடிவு வந்துவிட்டது. நீங்கள் தூக்கக் கலக்கத்தோடு எட்டிப் பார்க்கிறீர்கள். "கிடைக்கலம்மா..." அவ்வளவுதான். ரூம் கதவு சாத்திக்கொள்கிறது.

இத்தனைக்கும் அவள் கையில் வேறு மூன்று இடங்களிலிருந்து வந்த அழைப்பு இருக்கிறது. அமெரிக்காவில் ஒன்று, இங்கிலாந்தில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று. ஆனால் அந்த ஒரு 'ஸாரி', மூன்று 'வா'க்களையும் மறைத்துவிட்டது. "ஏதோ ஒண்ணுல சேர்த்து விடுங்க" என்கிறாள். மறுநாள், "எங்கேயுமே போகலை" என்கிறாள். இரண்டுமே துக்கம் பேசுகிற பேச்சு. அதை முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்!

முதலில் துக்கம் ஆறட்டும்

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று உங்களுக்குத் தோன்றலாம். 17 வயதுக்கு இது பெரிய விஷயம்தான். உணர்ச்சியை அடக்கி நிதானமாக யோசிக்க உதவும் மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சி அடைய 25 வயதுவரைகூட ஆகிறது. அதனால் மூன்று, நான்கு நாட்களுக்கு 'அடுத்து என்ன?' என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.

"அப்பவே சொன்னேன்", "எதிர்வீட்டுப் பையனுக்குக் கிடைச்சுடுச்சே" - இந்த வசனங்கள் வேண்டவே வேண்டாம். "நீ எவ்வளவு உழைச்சேன்னு எங்களுக்குத் தெரியும்டா கண்ணா" என்ற ஒரு வாக்கியம் போதும். போனில் விசாரிக்கும் சொந்தக்காரர்களிடம், "இன்னும் முடிவு பண்ணலை, பண்ணினதும் சொல்றோம்" என்று நீங்களே பேசி முடித்துவிடுங்கள். அந்தப் பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லும் கஷ்டம் குழந்தைக்கு வேண்டாம்.

இந்த வயதில் தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. தூக்கமும் பசியும் கெட்டு, யாரோடும் பேசாமல், பிடித்த விஷயங்களில்கூட நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், டாக்டரிடம் அழைத்துப் போங்கள். "நான் இருந்து என்ன பிரயோஜனம்?" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே உதவி தேடுங்கள், தனியாக விடாதீர்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது.

அவள் மட்டம் என்று அர்த்தமா?

இல்லவே இல்லை! ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு போன்ற இடங்களில் சமீப வருடங்களில் விண்ணப்பிக்கும் 100 பேரில் இடம் கிடைப்பது சுமார் 4 பேருக்குத்தான். மீதி 96 பேரில் கெட்டிக்காரர்கள் எத்தனையோ பேர்!

1950-ல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல், 19 வயது இளைஞர் ஒருவரை வேண்டாம் என்றது. அவர் வேறு கல்லூரிகளின் விவரப் புத்தகங்களைப் புரட்டினார். தான் விரும்பிப் படித்த முதலீட்டுப் புத்தகத்தை எழுதிய பெஞ்சமின் கிரஹாம், கொலம்பியா யுனிவர்சிட்டியில் பாடம் நடத்துகிறார் என்று பார்த்தார். அங்கே போய்ச் சேர்ந்தார். அவர்தான் வாரன் பஃபெட்! அவர் யுனிவர்சிட்டியின் பெயரை விட்டுவிட்டு, பாடம் சொல்லித் தரும் ஆளைத் தேடினார். உங்கள் பெண்ணும் தேட வேண்டியது அதைத்தான்.

இன்னொன்று. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற ஆய்வாளர்கள் 2002-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே மாதிரி திறமையும், ஒரே மாதிரி அட்மிஷன் வாய்ப்பும் இருந்த அமெரிக்க மாணவர்களை ஒப்பிட்டார்கள். மிகப் பெயர் பெற்ற இடத்தில் படித்தவர்களுக்கும், அதற்கு அடுத்தபடியான இடத்தில் படித்தவர்களுக்கும் பிற்காலச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெயர் பெற்ற இடம் கூடுதலாகக் கைகொடுத்தது.

ஒரு பெரிய தாள், மூன்று கட்டங்கள்

துக்கம் கொஞ்சம் அடங்கியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு உட்காருங்கள். மூன்று இடத்துக்கும் மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள். பேனா அவள் கையிலேயே இருக்கட்டும்.

படிப்பு: முதல் இரண்டு வருடத்தில் என்னென்ன பாடம்? பிடிக்காவிட்டால் வேறு பிரிவுக்கு மாற முடியுமா? இப்போது அங்கே படிக்கும் மாணவர் ஒருவரோடு பேச முடியுமா?

பணம்: வருடக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். இங்கிலாந்தில் பட்டப்படிப்பு பெரும்பாலும் 3 வருடம், அமெரிக்காவில் 4 வருடம். ஒரு வருடச் சாப்பாடும் வாடகையும் சும்மாவா? ஸ்காலர்ஷிப் முதல் வருடத்துக்கு மட்டுமா, கடைசி வரைக்குமா? மார்க் குறைந்தால் நின்றுவிடுமா? சிங்கப்பூர் அரசின் கட்டணச் சலுகையை வெளிநாட்டு மாணவர் வாங்கிக்கொண்டால், படிப்பு முடிந்ததும் 3 வருடம் சிங்கப்பூர் கம்பெனியில் வேலை பார்க்க ஒப்பந்தம் போட வேண்டும். இது சிலருக்கு வரம், சிலருக்குக் கட்டு. உங்களால் எவ்வளவு முடியும் என்பதை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பிறகு கையைப் பிசைவதைவிட அது நல்லது.

உடம்பு: ஆஸ்துமா, சர்க்கரை, தைராய்டு என்று ஏதாவது இருந்தால், அந்த நாட்டு மருத்துவ இன்ஷூரன்ஸில் அதற்குச் செலவு கிடைக்குமா? மாணவர்களுக்கு கவுன்சலிங் வசதி உண்டா? பிரிட்டனின் வட பகுதியில் டிசம்பரில் வெளிச்சம் 7 மணி நேரம்தான். வெயிலில் வளர்ந்த நம் பிள்ளைகள் சிலருக்கு அந்த இருட்டு மனதையே சோர்வாக்கும். பயமுறுத்த வேண்டாம், தெரிந்துகொண்டு போகட்டும்.

தேதியைத் தவற விடாதீர்கள்

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கு மே 1-க்குள் பதில் சொல்லி முன்பணம் கட்ட வேண்டும். ஏதாவது ஒரு இடத்தில் 'வெயிட்டிங் லிஸ்ட்' என்று சொல்லியிருக்கிறார்களா? பெயர் அதில் இருக்கட்டும். ஆனால் அதை நம்பி, கையில் இருக்கும் இடத்தை விட்டுவிடாதீர்கள்!

பிரிட்டனில் 'யூகாஸ்' வழியாக 5 இடங்கள் வரை விண்ணப்பித்து, வந்த அழைப்புகளில் ஒன்றை முதல் தேர்வாகவும், இன்னொன்றை மாற்று ஏற்பாடாகவும் வைத்துக்கொள்ளலாம். அழைப்பில் 'ப்ளஸ் டூவில் இத்தனை சதவிகிதம்' என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மாற்று ஏற்பாடு நிபந்தனை குறைவான இடமாக இருப்பது நல்லது.

கடைசியாக ஒரு சோதனை

"எதைத் தேர்ந்தெடுக்கிறே? ஏன்?" என்று கேளுங்கள். "இதுதான் அந்த யுனிவர்சிட்டிக்கு அடுத்த ரேங்க்" என்றோ, "அங்கே போனா மறுபடி அதுக்கு ட்ரை பண்ணலாம்" என்றோ சொன்னால், பழைய 'ஸாரி'தான் இன்னமும் முடிவெடுக்கிறது என்று அர்த்தம். தேதி இருந்தால் இன்னும் இரண்டு நாள் கொடுங்கள்.

"அந்த ப்ரொஃபஸரோட லேப்ல ஃபர்ஸ்ட் இயர்லயே சேர்த்துக்கிறாங்களாம்ப்பா..." என்று கண்ணை விரித்துச் சொல்கிறாளா? கிடைக்காத யுனிவர்சிட்டியின் பெயர் பேச்சில் வரவே இல்லையா?

அப்புறம் என்ன... பணம் கட்டுங்கள், பெட்டியைத் தூசி தட்டுங்கள்!