பாடம்: தேற்றாவா, எட்டியா? பிரித்தறிவோம்

மலைத் தோட்டங்களிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் இடம்பெயர்ந்து, மொனராகலைப் பகுதியில் காணி திருத்தும் நமக்கு இங்குள்ள வறண்ட காட்டின் மரங்கள் புதியவை. கோடையில் குளத்து நீர் கலங்கும்போது, "தேற்றாங்கொட்டையை உரைத்து ஊற்றுங்கள், தெளியும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மையே. கலங்கலைத் தேற்றுவதால் வந்த பெயர் அது. ஆனால் அதே இனத்தைச் சேர்ந்த எட்டியும் வறண்ட காடுகளில் வளர்கிறது. அதன் கொட்டை கொடிய நஞ்சு. சிங்களத்தில் தேற்றாவை இங்கினி என்றும் எட்டியை கொட கதுரு என்றும் அழைப்பர்.

இரண்டிலும் இலைகள் எதிரெதிராக அமையும். அடியிலிருந்தே பல நரம்புகள் ஓடும். ஆகவே இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

வேறுபாடுகள்:

1. பழம்: எட்டிப்பழம் தோடம்பழம் போல் பெரியது, பழுத்தால் செம்மஞ்சள் நிறம், ஓடு கடினம். தேற்றாப்பழம் சிறியது, பழுத்தால் கறுப்பு.

2. கொட்டை: எட்டிப்பழத்தில் பல கொட்டைகள் இருக்கலாம். அவை பெரிய சட்டைப் பொத்தான் போல் தட்டையானவை. தேற்றாவில் பெரும்பாலும் ஒன்றே. கடலை அளவில் உருண்டது. இரண்டிலும் மெல்லிய பட்டு முடி உண்டு. எனவே பளபளப்பை நம்பாமல் பருமனையும் வடிவத்தையும் பாருங்கள்.

3. மரப்பட்டை: எட்டியில் சாம்பல் நிறம், வழுவழுப்பு. தேற்றாவில் கருமை, ஆழ்ந்த வெடிப்பு.

தரையில் கிடக்கும் கொட்டையைப் பொறுக்க வேண்டாம். மரத்தையும் பழத்தையும் பார்த்தே எடுக்க வேண்டும். நாவில் வைத்துச் சோதிக்கவே கூடாது. எட்டிப்பழத்தின் சதையைப் பறவைகள் உண்பதைக் கண்டு பிள்ளைகள் ஏமாறலாம். அவர்களுக்கு மரத்தைக் காட்டி எச்சரியுங்கள்.

எட்டிக் கொட்டையிலுள்ள நஞ்சு ஸ்ட்ரிக்னின். 1818இல் பிரான்சு நாட்டு வேதியியலாளர் இருவர் இவ்வினக் கொட்டையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். உண்டவருக்கு உடல் விறைத்து வலிப்பு வரும், மூச்சு நின்றுவிடலாம். வாந்தி எடுக்க வைக்காமல், சத்தமின்றி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

தேற்றாங்கொட்டை என்று உறுதியானால், மண்பானையின் உட்புறத்தில் உரைத்து, கலங்கல் நீரை ஊற்றி வையுங்கள். சேறு அடியில் படியும். தெளிந்த நீரிலும் கிருமிகள் இருக்கும்; கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். சிறிதேனும் ஐயம் இருந்தால் கொட்டையை விட்டுவிடுவோம். நீரை ஓர் இரவு அசையாமல் வைத்து, துணியால் வடித்துக் கொதிக்கவைத்தால் போதும்.

கலந்துரையாட:
1. நம் ஊரில் இவ்விரு மரங்களும் எங்கே நிற்கின்றன?
2. அவற்றைப் பிள்ளைகளுக்கு யார் காட்டிக் கொடுப்பது?