ஊர்விட்டு ஊர் நடக்க பின்சர்

நார்வேயில் இரவுக்கொரு குடிலில் தங்கி, பனிச்சறுக்கிலேயே மலைகளைக் கடப்பார்கள். அங்கே அந்தக் குடில்களைப் பராமரிக்கும் மலைநடைச் சங்கம் 1868-இல் தொடங்கியது. டெல்லிவாசிகளுக்கு அதே சுகத்தை நடைப்பயணமாகத் தருகிறது உத்தராகண்டின் பின்சர் சரணாலயம்.

தலார், கோனாப், ரிசால், கட்தாரா, சத்ரி ஆகிய ஊர்களில் 'வில்லேஜ் வேஸ்' என்ற சுற்றுலா நிறுவனத்தின் துணையுடன் ஊர்மக்களே விருந்தினர் விடுதிகளை நடத்துகிறார்கள். வழிகாட்டியும் உள்ளூர் ஆள்தான். முன்பதிவு அவசியம்.

பழைய டெல்லியில் இரவு ராணிகேத் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலையில் காட்கோதாம். அங்கிருந்து பின்சருக்கு அருகிலுள்ள அல்மோராவுக்கு ஷேர் டாக்சி கிடைக்கும். தனி வண்டி வேண்டாம்.

ஜனவரிக் குளிரில் பருத்தி உடை ஈரமானால் காயாது. கம்பளி உடைகளை அடுக்கடுக்காக அணியுங்கள். காலையில் கல்பாதையில் உறைபனி வழுக்கும். கைத்தடியும் நல்ல பிடிமானமுள்ள ஷூவும் தேவை.

வெந்நீருக்கு ஒரு வாளி போதும். மலையூர்களில் அடுப்பெரியும் விறகு பெரும்பாலும் பெண்கள் தலையில் சுமந்து வந்தது. நூடுல்ஸ் கேட்காமல், அங்கே விளையும் கேழ்வரகில் சுட்ட மண்டுவா ரொட்டியையும் கறுப்பு சோயாவில் செய்த 'பட்' குழம்பையும் கேட்டுச் சாப்பிடுங்கள். காசு ஊருக்குள்ளேயே தங்கும், ருசியும் அபாரம்!

காட்டில் சிகரெட், தீமூட்டல் கூடவே கூடாது. காய்ந்த பைன் ஊசியிலைகள் நொடியில் பற்றிக்கொள்ளும். 2024 ஜூனில் பின்சர் காட்டுத்தீ வனப் பணியாளர்களின் உயிரையே பறித்தது. பிஸ்கட் உறை, தண்ணீர் பாட்டில், பேட்டரி எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி டெல்லிக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள்.