பொற்காசும் அதன் நிறமும்

மஞ்சளாக இருந்தால் நல்ல பொன், சிவந்திருந்தால் மட்டமான பொன் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது எந்த அளவுக்கு உண்மை? பொற்காசுகளைக் கொண்டே ஆராய்வோம்.

சுத்தத் தங்கத்தை 24 காரட் என்கிறோம். அது மிகவும் மென்மையானது. அதில் அடித்த காசு பல கைகள் மாறும்போது எளிதில் தேய்ந்துவிடும். ஆகவே 22 பங்கு தங்கத்துடன் 2 பங்கு வேறு உலோகத்தைச் சேர்த்து உருக்குகிறார்கள். இக்கலவையில் தங்கம் 91.67 சதவீதம் இருக்கும்.

தங்கம் தன்மேல் படும் ஒளியில் நீல நிறத்தைப் பெரும்பாலும் உட்கொண்டு விடுவதால் மஞ்சளாகத் தோன்றுகிறது. அதனுடன் செம்பு சேர்ந்தால் சிவப்பு ஏறும். வெள்ளி சேர்ந்தால் நிறம் வெளிறும்.

இங்கிலாந்தில் 1817-இல் வெளிவந்த சவரன் காசு 22 காரட் பொன்னால் ஆனது. ஒரு பவுன் மதிப்புள்ள அக்காசின் எடை ஏறத்தாழ 8 கிராம். நாம் இன்றும் 8 கிராம் தங்கத்தைச் 'சவரன்' என்றும் 'பவுன்' என்றும் அழைப்பது இதனால்தான்.

தென்னாப்பிரிக்கா 1967-இல் வெளியிட்ட குருகராண்ட் காசில் தங்கத்துடன் சேர்ந்திருப்பது செம்பு மட்டுமே. ஆகவே அது செந்நிறமாக இருக்கிறது. அமெரிக்கா 1986-இல் வெளியிட்ட கழுகுக் காசில் 3 சதவீதம் வெள்ளியும் 5.33 சதவீதம் செம்பும் உள்ளன. ஆகவே அது சற்று மஞ்சளாக இருக்கிறது. ஒரு அவுன்ஸ் காசாயின் இரண்டின் எடையும் 33.93 கிராம், இரண்டிலும் உள்ள தங்கம் 31.1 கிராம். நிறம் வேறு, தரம் ஒன்றே!

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. ஐரோப்பாவில் 2002-இல் புழக்கத்துக்கு வந்த 10, 20, 50 சென்ட் நாணயங்கள் பொன்போல் மின்னுகின்றன. அவற்றில் இருப்பவையோ செம்பு, அலுமினியம், துத்தநாகம், வெள்ளீயம் ஆகியவையே. தங்கம் துளியும் இல்லை.

ஆகவே நிறம் சொல்வது தங்கத்துடன் சேர்ந்த துணை உலோகத்தைப் பற்றியே தவிர, தங்கத்தின் அளவைப் பற்றியன்று. பாட்டி காலத்துக் காசு சிவந்திருக்கிறது என்று சொல்லி யாரேனும் விலையைக் குறைத்துக் கேட்டால், உடனே இணங்கிவிட வேண்டாம். எடை போட்டு, உரைகல்லில் உரைத்து, அமிலம் இட்டுச் சோதிக்கச் சொல்வோம். புதிய நகை வாங்கும்போது 22 காரட்டைக் குறிக்கும் 916 முத்திரையைத் தேடுவோம். கண்ணை நம்பி ஏமாறுவதைவிடச் சோதித்துத் தெளிவதே அறிவுடைமை.