பதிவு மேக்ரோ பழுதானால்

தட்டச்சும் பக்க வடிவமைப்பும் பயில வரும் மாணவர்களுள் பலர், வேர்டில் பதிவு செய்து வைத்த மேக்ரோ மறுநாள் வேறொரு கோப்பில் ஏறுமாறாக நடந்துகொண்டதும், அதன் காரணத்தை விசாரிக்காமலே, அடுத்த வீட்டுப் பிள்ளை பைத்தான் படிக்கிறான் என்ற தகப்பனாரின் நச்சரிப்புக்கு இணங்கி அம்மொழி வகுப்பில் சேர்ந்துவிடுவதைக் காண்பதால், இதைப் பற்றிச் சிறிது எழுத வேண்டியிருக்கிறது.

மறுபடி பதிவு செய்வது, பதிவானதைத் திருத்துவது, மேக்ரோவை விட்டு ஸ்டைல்களைக் கையாள்வது ஆகிய மார்க்கங்கள் எவரும் அறிந்தவையே. நாலைந்து படிகளில் முடியும் காரியத்துக்கு மறுபதிவு போதும். தலைப்புகளின் எழுத்துருவும் அளவும் பற்றியதானால் ஸ்டைலே உத்தமம்.

பைத்தான் மோகத்தைப் பற்றித்தான் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். அது நல்ல மொழி என்பதில் ஆட்சேபமில்லை. ஆனால் திரையில் ஒரே சொல்லாகத் தெரிவது, இடையிடையே செய்த திருத்தங்களால், வேர்டு கோப்பின் உள்ளே இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரிந்து கிடப்பது சகஜம். துண்டு துண்டாகத் தேடும் புதியவனின் நிரல் அச்சொல்லைக் காணாமலே கடந்துபோகும், வேர்டின் தேடல் வசதியோ அதைச் சிரமமின்றிப் பிடித்துவிடும். ஒரு பழுதுக்கு அஞ்சி ஓடியவன் அதனினும் சூக்ஷ்மமான பழுதில் அகப்பட்டு, கட்டணமும் கட்டிவிட்டு, பழைய வேலையைக் கையாலேயே செய்துகொண்டிருப்பான்.

என் பக்ஷபாதம் திருத்துவதன் மேல்தான். ஆல்ட்டுடன் எஃப்11-ஐ அழுத்தி, பதிவான மேக்ரோவின் வரிகளைப் பார்த்தால், ‘வலப்புறம் ஐந்து எழுத்து நகர்க’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். இன்றைய கோப்பில் அவ்விடத்துச் சொல்லுக்கு ஏழு எழுத்தானால் மேக்ரோ என்ன செய்யும், பாவம்! எழுத்துக் கணக்கைச் சொற்கணக்காக மாற்றினால் தீர்ந்தது. எழுத்துருப் பெட்டியில் தடித்த எழுத்தை மட்டும் கேட்டிருந்தாலும், எழுத்துருவின் பெயர், அளவு, நிறம் யாவும் சேர்ந்தே பதிவாகியிருக்கும், வேண்டாதவற்றை நீக்கிவிடலாம். தமிழ்ச் சொல்லைத் தேடச் சொன்ன இடத்தில் பெரும்பாலும் கேள்விக்குறிகளே நிற்கும். அங்கே ‘க’ வேண்டுமானால் சிஎச்ஆர்டபிள்யூ என்ற கட்டளையோடு 2965 என்ற எண்ணைத் தர வேண்டும்.

எஃப்8-ஐ அழுத்தி வரிவரியாக ஓடவிட்டு, பிழை எந்த வரியில் பிறக்கிறதென்று பார்க்கும் நிதானம் சிலருக்குச் சுபாவத்திலேயே உண்டு, சிலருக்குப் பழக்கத்தால் வரும். எந்த மொழியைக் கற்பதற்கும் அதுவே முதல். பெற்றோர் வகுப்புக்குப் பணம் கட்டுமுன், பிள்ளைக்கு அது வாய்த்திருக்கிறதா என்று ஒரு வாரம் கவனிப்பார்களாக.